பானட்டில் பாதி செராமிக், பாதி வாக்ஸ்: மண்டபம் உப்புக்காற்றில் ஒரு வருடம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விவரத்துக்கு அப்புறம் வருகிறேன். ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில், கடலுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நிற்கிற காருக்கு, கூரையிலும் பானட்டிலும் செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் தடவி இறுகவிடும் திரவப் பூச்சு) போட்டது கொடுத்த காசுக்கு ஏற்ற வேலைதான். கதவுகளுக்கும் பக்கவாட்டுக்கும் வாக்ஸே (மெழுகே) போதும். இரண்டில் எதைப் போட்டாலும் துருவைத் தடுக்க முடியாது. இந்த மூன்றாவது விஷயத்தை நான் விசாரித்த கடைகளில் யாருமே சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி, செகண்ட் ஹேண்டாக வாங்கிய 2016 மாடல் ஸ்விஃப்ட், அடர் நீலம். அடர் நிறத்தில் பெயிண்டுக்கு என்ன ஆனாலும் உடனே கண்ணுக்குத் தெரியும், அந்த வகையில் சோதனைக்கு வசதி. வாரத்தில் பெரும்பாலான நாள் பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரம் போய் வரும். ராத்திரி வீட்டு வாசலில், தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் நிற்கும்.

இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வண்டியைப் பார்த்தால் மழையே இல்லாமல் நனைந்திருக்கும். பனி என்று நினைத்துவிடுவோம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும், இங்கே ராத்திரி அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆக, தினமும் ராத்திரி வண்டி உப்புக் கரைசலில் நனைகிறது, காலை ஒன்பது மணி வெயிலில் காய்கிறது, மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று மேலே நிற்கிறது. அதை டிக்கியில் கிடக்கும் துணியை எடுத்து உலர உலரத் துடைக்கிறோமே, பெயிண்டுக்கு அதைவிடப் பெரிய கேடு கிடையாது. உப்புப் பரலும் மணலும் சேர்ந்து துணிக்கு அடியில் உருள்கின்றன. வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்களில் பெரும்பகுதி இப்படி விழுந்தவைதான்.

காரைக்குடியில் இருக்கும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்பைப் படிக்கவென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதில் இருந்தே இந்தக் காற்றின் குணம் புரியும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் துருவோடு போராடியே காலம் தள்ளியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். நான் விசாரித்த கடைக்காரர் ஒருவர், "பாலத்துக்கே இதுதான் சார் போட்டிருக்காங்க" என்றார். குடும்பம் ஒன்றுதான், இரண்டுமே சிலிக்கான் சார்ந்த வேதிப்பொருள்தான். ஆனால் பாலத்தில் அது இரும்பைக் காக்கும் பெயிண்ட் அமைப்பின் ஒரு பகுதி. நம் காரில் அது, ஏற்கெனவே இருக்கும் கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற அடுக்கு) மேல் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறும் படலம், அவ்வளவுதான். இரண்டுக்கும் கொடுத்திருக்கும் வேலையே வேறு.

மதுரையில் விசாரித்ததில், என் வண்டி அளவுக்கு 18,000-இல் இருந்து 28,000 ரூபாய் வரை சொன்னார்கள். எத்தனை வருட வாரண்டி என்பதைப் பொறுத்து விலை ஏறுகிறது. அந்த வாரண்டி நிற்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே வண்டியைக் கொண்டுபோய், தனியாகக் காசு கொடுத்து சர்வீஸ் செய்ய வேண்டும். எனக்குப் போக வர முந்நூறு கிலோமீட்டர். அவர்கள் வேலை சுத்தமாகத்தான் இருந்தது, இன்னொருவர் வண்டியில் பார்த்தேன். ஆனால் அந்தத் தொகையில் பெரும்பங்கு கோட்டிங்குக்கு இல்லை, அதற்கு முன்னால் செய்யும் பாலிஷ் வேலைக்குத்தான் என்று பேசப் பேசப் புரிந்தது. சரி, அந்த வேலையை நாமே செய்து பார்க்கலாம், செராமிக்கையும் வாக்ஸையும் ஒரே பானட்டில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு வருடம் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

தை மாதம் வேலையைத் தொடங்கினேன். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, அதற்குத் தோதான மாதம்.

முதலில் ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவரிடம் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் இருக்கிறது. பானட், கூரை, இடது பக்கக் கதவுகள் எல்லாம் 105-இல் இருந்து 125 மைக்ரான் காட்டின, கம்பெனி பெயிண்ட். வலது பின் கதவு மட்டும் 240, முன்பு யாரோ அடித்து எடுத்திருக்கிறார்கள். மெஷின் வைத்துப் பாலிஷ் போடப்போகிறவர்கள் இந்தக் கணக்கை எடுக்காமல் தொடங்கவே கூடாது. மொத்தக் கனத்தில் கிளியர் கோட் என்பது நாற்பது ஐம்பது மைக்ரான்தான், ஒவ்வொரு பாலிஷும் அதில் இருந்துதான் கொஞ்சம் சீவி எடுக்கிறது. பாய் ஒன்று சொன்னார்: "தம்பி, மேல என்ன வேணா பூசுங்க, நல்லதுதான். ஆனா உப்பு மேல இருந்து வண்டியத் திங்காது. ஓரத்துல இருந்தும் அடியில இருந்தும்தான் திங்கும்." அப்போது தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கழுவுவதில் இருந்து கோட்டிங் வரைக்கும் பாதி வேலை பெயிண்டைச் சுத்தம் செய்வதுதான். ஷாம்பூ போட்டுக் கழுவியதும் அயர்ன் ரிமூவர் அடித்தேன். பெயிண்டில் பதிந்திருக்கும் இரும்புத் துகள் மேல் பட்டதும் அது ஊதாவாக மாறி வழியும். பின் பம்பரிலும் டிக்கி மூடியிலும் வழிந்த அளவைப் பார்த்தால் ரயில் பாதைப் பக்கம் வண்டி நிற்பதன் விளைவு நன்றாகத் தெரிந்தது. அடுத்தது கிளே பார், பெயிண்டில் ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பூத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது முதலில் சரசரவென்று சத்தம் வரும், சுத்தமாக ஆக சத்தம் அடங்கிவிடும். கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பார்த்தால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு எல்லாம் தெரியும்.

பாலிஷுக்கு டி.ஏ. பாலிஷரை பாயிடமே ஒரு நாள் வாடகை 500 ரூபாய்க்கு எடுத்தேன். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற மெஷின் அது, பெயிண்டைச் சட்டென்று சுட்டுவிடாது. ஆடாமல் சுற்ற மட்டும் செய்கிற ரோட்டரி மெஷின், பழக்கம் இல்லாத கைக்கு வேண்டாம். நடுத்தர நுரைப் பேடு, நடுத்தர காம்பவுண்ட் (பாலிஷ் பசை), இரண்டு அடிக்கு இரண்டு அடி கட்டம், குறுக்கும் நெடுக்குமாக நான்கு ஓட்டம். பானட்டின் மடிப்பு விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டேன், அங்கேதான் கிளியர் கோட் மிக மெல்லிதாக இருக்கும். கீறல் எல்லாமே போகவில்லை, எண்பது சதவீதம் போனது. மிச்சத்தைத் துரத்திக்கொண்டு போயிருந்தால் கிளியர் கோட்தான் தேய்ந்திருக்கும்.

கடைசியாக, பாலிஷ் எண்ணெய் முழுக்கப் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சரிபாதி டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து துடைத்தேன். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கிறார்களே, அதே டிஸ்டில்டு வாட்டர்தான். எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் செராமிக் பிடிக்காது. பளபளப்பாக இருந்த பானட் இந்தத் துடைப்புக்குப் பிறகு லேசாக மங்கும், மறைந்திருந்த கீறல் மறுபடி தெரியும். பயப்பட வேண்டாம், அதுதான் பெயிண்டின் உண்மையான முகம்.

பானட்டின் நட்ட நடுவில் நெடுக மாஸ்கிங் டேப் ஒட்டினேன். டிரைவர் பக்கம் வாக்ஸ், மறு பக்கம் செராமிக். கூரை முழுக்கச் செராமிக். கதவுகள் எல்லாவற்றுக்கும் வாக்ஸ்.

வாக்ஸ் வேலை எளிது. கார்னோபா கலந்த பேஸ்ட், 200 கிராம் டப்பா 900 ரூபாய். பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகு அது. நுரைத் துண்டில் மிகக் கொஞ்சமாக எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவ வேண்டும். பத்து நிமிடத்தில் மங்கலாகக் காயும், மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிடலாம். பானட் சூடாக இருந்தால் மட்டும் அப்பிக்கொண்டு இழுக்கும், அதனால் நிழல் வேண்டும்.

செராமிக்தான் படுத்தியது. 30 மி.லி. பாட்டில் 3,200 ரூபாய். தக்கைக் கட்டையில் சின்ன ஸ்வேட் துணியைச் சுற்றி, ஆறேழு சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, வானவில் நிறம் ஓடத் தொடங்கியதும் துணியால் சமன் செய்ய வேண்டும். பாட்டிலில் போட்டிருப்பது இதுதான். ஆனால் அது குளிர்ந்த, ஈரம் குறைந்த அறைக்கான கணக்கு. கூரையை என் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். காற்றின் ஈரத்தில் இறுகுகிற வகைக் கோட்டிங் அது, கடற்காற்று பட்டதும் அரை நிமிடத்திலேயே பிடித்துக்கொண்டது. துடைக்கப் போனால் துணி நகர மறுக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கூரையின் பின்பாதியில் எண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி பழுப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக நின்றது. அதிகமாகத் தேங்கிய இடம் அப்படியே இறுகினால் வருவது அது. சில நிமிடத்துக்குள் என்றால் அதே இடத்தில் புதிதாக ஒரு சொட்டு விட்டு இளக்கித் துடைத்துவிடலாம். அதற்குள் கவனித்த இடங்கள் தப்பின. மற்ற இடங்களை மறுநாள் மெஷின் வைத்துச் சீவித்தான் எடுக்க முடிந்தது.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன், இந்த மொத்த வேலையிலும் உருப்படியாக வாங்கிய பொருள் அதுதான் என்று சொல்வேன். என் வாசலில் காலை 84 சதவீதம். உச்சிப்புளியில் மச்சான் வீட்டுக் கார் செட் மூன்று பக்கமும் சுவர், முன்னால் ஷட்டர், உள்ளே முந்தின ராத்திரியே வண்டியை நிறுத்திவிட்டுக் காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் 62. "இங்கயே பண்ணிருக்கலாம்ல மாப்ள" என்றான் மச்சான். கூரையின் பின்பாதியையும் பானட்டின் பாதியையும் அங்கேதான் முடித்தேன். கட்டத்தை ஓர் அடிக்கு ஓர் அடியாகச் சுருக்கிக்கொண்டேன். தடவியதும் இருபது எண்ணி, உடனே ஒரு துணியால் துடைத்து, இன்னொரு புதுத் துணியால் மறுபடி துடைத்தேன். ஒரு துணியை நான்காக மடித்து ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும், கோட்டிங் ஊறிய துணி காய்ந்தால் பெயிண்டைக் கீறும் அளவுக்கு விறைத்துவிடும். கழுவி மறுபடி எடுக்கலாம் என்று வைக்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

திறந்த பாட்டிலை மூடி வைத்தாலும் சில நாளில் உள்ளே இறுகிவிடும். மிச்சம் இருந்ததை ஹெட்லைட் கண்ணாடிக்கும் சைடு மிரர் மூடிக்கும் போட்டுத் தீர்த்தேன். ஹெட்லைட்டுக்குப் போட்டது நல்ல யோசனை, ஒரு வருடத்துக்குப் பிறகும் மஞ்சளிக்கவில்லை. இரண்டு நாள் செட்டிலேயே நிறுத்தி, அதன் பிறகு ஒரு வாரம் ஷாம்பூ படாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் பானட்டில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. சொல்லப்போனால் வாக்ஸ் பக்கம் பளபளப்பு கொஞ்சம் ஆழமாக, ஈரமாகத் தெரிந்தது. பார்த்தவர்களில் பலரும் அந்தப் பக்கத்தைத்தான் செராமிக் என்றார்கள். பங்குனி கடைசியில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. வாக்ஸ் பக்கம் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவியது. சித்திரை வெயிலில் மதியம் பானட்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் வாக்ஸ் பக்கம் புழுதியும் அதிகம் ஒட்டியது. செராமிக் பக்கப் புழுதி, பாலத்தில் ஏறி இறங்கும்போது காற்றிலேயே பாதி போய்விடும். அதன் பிறகு டிரைவர் பக்கத்துக்கு மாதம் ஒருமுறை வாக்ஸ் போட்டு வந்தேன். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், பத்துப் பதினைந்து ரூபாய் வாக்ஸ்.

ஆனால் வைகாசியில் செராமிக் பக்கம் ஒரு பிரச்சினை வந்தது, வாக்ஸ் பக்கத்துக்கு அது அவ்வளவாக இல்லை.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. டி.டி.எஸ். மீட்டரை (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டுவது) விட்டுப் பார்த்தால் 2,600 காட்டுகிறது. குடிக்கிற தண்ணீருக்கு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர அளவு சொல்கிறது, அதையும் தாண்டிய தண்ணீர். குளிப்பதற்கே கூச்சமான அந்தத் தண்ணீரில்தான் இந்தப் பக்கம் முக்கால்வாசி வாட்டர் சர்வீஸில் வண்டி கழுவுகிறார்கள். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் வீட்டில் யாரோ அந்தத் தண்ணீரில் பத்து மணி வெயிலில் வண்டியைக் கழுவி, துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். வந்து பார்த்தால் செராமிக் பக்கம் முழுக்க வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் விளிம்பு தடிமனாக, நடுவில் பெயிண்ட் தெரிகிற மாதிரி. விரல் நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படுகிறது.

நடந்தது என்னவென்றால், செராமிக் தண்ணீரைப் பரவ விடாமல் துளியாகத் திரட்டி நிறுத்துகிறது. விளம்பரப் படங்களில் காட்டுவது அந்த முத்துக்களைத்தான். சாய்வான இடத்தில் அவை உருண்டு ஓடிவிடும். பானட், கூரை மாதிரி படுத்திருக்கும் இடத்தில் ஓடாமல் நின்று, வெயிலில் சுண்டி, துளியில் இருந்த மொத்தச் சுண்ணாம்பும் உப்பும் ஒரே புள்ளியில் இறங்கிவிடும். வாக்ஸ் பக்கத்தில் தண்ணீர் பரவி இருந்ததால் கறையும் மெல்லிசாகப் பரவியிருந்தது, ஒரு கழுவலில் போய்விட்டது.

செராமிக் பக்கம் ஷாம்பூவுக்கு மசியவில்லை. வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீர் கலந்து, நிழலில், பானட் ஆறியபின், துணியில் நனைத்து மூன்று நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டு அலசினேன். பெரும்பாலானவை போயின. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் அடையாளமாக நின்றன, கோட்டிங்கையே அரித்திருக்கின்றன. அவற்றைப் பாலிஷ் போட்டால்தான் எடுக்க முடியும், அங்கே கோட்டிங்கும் கூடவே போய்விடும். அப்படியே விட்டுவிட்டேன். சாய்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

அதில் இருந்து என் கழுவும் முறையே மாறிவிட்டது. போர் தண்ணீரில் முதல் அலசல் மட்டும், புழுதியும் மணலும் போவதற்கு. ஷாம்பூவுக்கும் கடைசி அலசலுக்கும் காவிரித் தண்ணீர், மீட்டரில் 300 சொச்சம். குழாயில் வராத வாரம் தள்ளுவண்டியில் குடம் கணக்கில் வாங்கியதுதான். இரண்டு வாளி முறை (ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர்) வைத்தால் நான்கு குடத்தில் முழு வண்டியும் முடியும். குடிக்கிற தண்ணீரில் காரைக் கழுவுவதா என்று வீட்டில் சத்தம் வந்தது, நியாயமான சத்தம்தான். அதனால் கூரைக்கும் பானட்டுக்கும் கண்ணாடிக்கும் மட்டும் நல்ல தண்ணீர், கதவுகளுக்குப் போர் தண்ணீரும் உடனடித் துடைப்பும் என்று பிரித்துக்கொண்டோம். சூரியன் ஏறும் முன் அல்லது மாலை ஐந்துக்கு மேல்தான் கழுவுவது. நீர் உறிஞ்சும் பெரிய துண்டைப் போர்த்தி எடுப்பது, தேய்ப்பது இல்லை. செராமிக் போட்டால் பராமரிப்பே வேண்டாம் என்று விற்கிறார்கள். இந்தக் கடற்கரையில் அது உண்மை இல்லை. நல்ல தண்ணீர் கிடைக்காத வீட்டில், கழுவியதும் துடைக்க ஆள் இல்லாத வீட்டில், செராமிக்கைவிட வாக்ஸ்தான் பத்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்ஸில் கறை விழுந்தால் வாக்ஸோடு சேர்ந்து போய்விடும்.

ஆடியில் கச்சான் காற்று, மேற்கில் இருந்து பலமாக வீசுவது. விருந்தாளிகளோடு தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் போனேன். ஒரு பக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), மறு பக்கம் பெண்கடல் (பாக் நீரிணை), நடுவில் ரோடு, காற்று ஏறிய நாளில் ரோட்டின் மேலேயே மணல் ஆறாக ஓடும். திரும்பி வந்து பார்த்தால் முன் பம்பரும் பானட்டின் முன்விளிம்பும் மணல் பட்டுச் சொரசொரத்திருந்தன. இரண்டு பக்கமும் ஒரே அளவு. 9எச் என்று பாட்டிலில் போட்டிருப்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு, மணலையும் ஜல்லியையும் தடுக்கும் கவசம் இல்லை. கல் தெறித்து ஏழெட்டு இடத்தில் பெயிண்ட் சின்னதாக உதிர்ந்திருந்தது. பறவை எச்சத்திலும் இதே கதைதான். மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கடல்காகங்கள் விடாது, செராமிக் பக்கம் அரை நாள் தாங்கியது, ஒரு முழு நாள் வெயிலில் காய விட்டதில் அங்கேயும் தழும்பு விழுந்தது.

ஐப்பசி கார்த்திகை மழைதான் செராமிக்குக் கொண்டாட்டம். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, துளி உருண்டு ஓடும்போது புழுதியையும் கொண்டுபோய்விடும். மழைக்கு முன்னால் அதன் உருட்டல் கொஞ்சம் மந்தமாகியிருந்தது, கோட்டிங் போய்விட்டதோ என்று நினைத்தேன். அயர்ன் ரிமூவரும் வினிகர் அலசலும் கொடுத்ததும் பழையபடி முத்து திரண்டது. மேலே படிந்த அழுக்குதான் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதைத் தெரியாமல் கோட்டிங் செத்துவிட்டது என்று மறுபடி காசு கொடுப்பவர்கள் நிறைய இருப்பார்கள்.

ஒரு வருடம் முடிந்து இந்தத் தையில் பானட்டை நன்றாகக் கழுவி டார்ச் அடித்துப் பார்த்தேன். செராமிக் பக்கம் புதுக் கீறல் குறைவு. கோட்டிங் கடினம் என்பதைவிட, அந்தப் பக்கம் துடைக்கத் துணி வைத்த தடவைகளே குறைவு என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நிறம் இரண்டு பக்கமும் ஒன்றே. வாக்ஸை மாதாமாதம் விடாமல் போட்டதால் அது ஒன்றாக நின்றிருக்கலாம், போடாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது.

அப்புறம் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தோம். பாய் சொன்னது அங்கே இருந்தது. பின் சக்கர வளைவின் உள்மடிப்பில் துரு. வலது முன் கதவின் அடிவிளிம்பில், இரண்டு தகடு மடிந்து சேரும் இடத்தில், பெயிண்ட் கொப்புளித்து நிற்கிறது, அழுத்தினால் பொறுபொறுவென்று உதிர்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் ஓட்டைகளில் இரண்டு மணலால் அடைத்திருந்தன. ராமேசுவரம் ரோட்டில் மீன் வண்டிக்குப் பின்னால் போகிறவர்களுக்குத் தெரியும், ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் ரோடு முழுக்க ஒழுகிக்கொண்டே போகும், அதெல்லாம் நம் சக்கரத்தில் ஏறி இந்த மடிப்புகளில்தான் போய் உட்காருகிறது. பானட்டில் நான் கவனித்துக் கவனித்துக் காத்த இடம் எதுவும் துருப்பிடிக்கிற இடமே இல்லை. கல் தெறித்த புள்ளிகளில் மட்டும் இரண்டு பழுப்பேறியிருந்தன, டச்-அப் பெயிண்ட் வைத்து அடைத்தேன்.

மொத்தச் செலவு: செராமிக் 3,200, வாக்ஸ் 900, அயர்ன் ரிமூவர் 650, கிளே பார் 600, ஆல்கஹால் 350, காம்பவுண்டும் பேடும் 1,900, மைக்ரோஃபைபர் துணி பத்து 1,200, இரண்டு நாள் மெஷின் வாடகை 1,000, ஈரப்பத மீட்டரும் டி.டி.எஸ். மீட்டரும் சேர்த்து 650. பத்தாயிரத்து நானூற்று ஐம்பது. மெனக்கெட முடியாதவர்கள் கடையில் கொடுத்துச் செய்வதில் தப்பே இல்லை, ஆனால் கூரைக்கும் பானட்டுக்கும் மட்டும் என்ன விலை என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் பாதிக்கும் கீழே சொன்னார்கள்.

இந்த மாசியில் செய்யப்போவது இது. பானட்டின் டிரைவர் பக்கத்துக்கும் செராமிக், உச்சிப்புளி செட்டில், மீட்டர் 65-க்குக் கீழே காட்டும் நேரத்தில் மட்டும். கதவுகளுக்கு மாத வாக்ஸ் தொடரும். மிச்சப் பணம் அடிப்பகுதிக்கு. கதவு மடிப்பில் உள்ள துருவைப் பாய் சுரண்டி எடுத்து, எபாக்ஸி பிரைமர் வைத்து, மேலே பெயிண்ட் அடித்துத் தருவார், 2,500 ரூபாய் கேட்டிருக்கிறார். துருவை எடுக்காமல் கறுப்புத் தார் கோட்டிங்கை அடித்து மூடினால் உப்பு உள்ளேயே சிறைப்பட்டு இன்னும் வேகமாகத் தின்னும், அதை அடிக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். கதவுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் போக நீண்ட குழாய் வைத்த கேவிட்டி வாக்ஸ் ஸ்ப்ரே (பளபளப்புக்கான வாக்ஸ் இல்லை, தகட்டின் உள்பக்கத்தைத் துருவில் இருந்து காக்கும் மெழுகு), 500 மி.லி. கேன் 700 ரூபாய், நான்கு கதவுக்கும் டிக்கிக்கும் இரண்டு கேன் வேண்டியிருக்கும். அடிப்பதற்கு முன்னால் வடிகால் ஓட்டை ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் காய விட வேண்டும். அடித்து முடித்ததும் ஓட்டைகளை மறுபடி குத்திவிட வேண்டும், வாக்ஸே அவற்றை அடைத்துவிடும்.